எண் பொருந்தவில்லை

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். இருபது வருஷங்களாகப் பிறக்காத மனிதர்களுக்குப் பெயர் வைத்து, நடக்காத கல்யாணங்களை நடத்தி வைத்து, சாகாதவர்களுக்காக வாசகர்களை அழ வைத்து, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொண்டு வருகிறேன். இத்தனை பொய்களில் ஒன்றைக்கூட இதுவரை யாரும், "ஐயா, இது பொய்!" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, உண்மையாக நடந்த ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடியே சொன்னேன். "தாங்கள் சொல்வதை எங்களால் ஏற்க இயலவில்லை" என்று பதில் வந்து விட்டது.

விஷயம் பெரிதல்ல. 4,350 ரூபாய் விலையுள்ள ஒரு கம்ப்யூட்டர் உறுப்பு. அவ்வளவுதான்.

என் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எட்டு வயது. எட்டு வயது என்பது மனிதனுக்கு விளையாட்டுப் பருவம். கம்ப்யூட்டருக்குத் தள்ளாத வயது. சில மாதங்களுக்கு முன்பு அதன் வயிற்றுக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சுவரில் பல்லி இருக்கிறதோ என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவன். என் கதைகளில் ஒன்றைக்கூடப் படித்தவனல்ல. ஆனால் அவை எல்லாம் எந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று தெரிந்தவன்.

அவன் காதை வைத்துக் கேட்டான். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்களே, அந்த மாதிரி பிதுக்கினான்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுது மாமா. ரொம்ப நாள் தாங்காது. உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?"

"மூன்று நாவல் இருக்கிறது. இரண்டு அச்சாகிவிட்டது. ஒன்று பாதியில் நிற்கிறது."

என் மனைவி உள்ளேயிருந்து, "அச்சானது போனாப் போகட்டும், பாதியிலே நிற்கிறதுதான் போகக் கூடாது" என்றாள். அந்தப் பாதி நாவலுக்காக மூன்று வருஷமாக அவள் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு அவளுக்குத்தான் தெரியும்.

புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று பையன் சொன்னான். "ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு வரலாமா?" என்று கேட்டேன். மவுண்ட் ரோடை ஒட்டியிருக்கிற அந்தத் தெருவை அறியாத சென்னைவாசி இருக்க முடியாது. அங்கே கடைக்காரர் நம் கண்ணெதிரிலேயே உறையைப் பிரிப்பார். கம்பியில் மாட்டிச் சுழலவிட்டுக் காட்டுவார். பிறகு டிஸ்கின் முதுகில் தேதியிட்டுத் தம் கடை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பார். ஏதாவது கோளாறு என்றால் அந்த ஸ்டிக்கரைக் காட்டி அவரோடு சண்டை போடலாம். அவரும் நம்மோடு சண்டை போடுவார். இரண்டு பேருக்கும் முகம் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு வெயில் அதிகம். மேலும் இணையக் கடையில் முந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, ஒரு விரலால் வாங்கிவிட்டேன். மனிதனுடைய சோம்பலுக்கும் சிக்கனத்துக்கும் ஒரே சமயத்தில் தீனி போடுகிற கடையை யார்தான் வேண்டாம் என்று சொல்வார்கள்?

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பையன் பிரித்தான். பளபளவென்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் இணைத்து, சின்னதாக ஒரு புரோகிராமை ஓடவிட்டான். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, இது புதுசு இல்லை" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லுது."

அப்போதுதான் எனக்கு ஒரு புது விஷயம் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க் என்பது நம் எழுத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. தன் சுயசரிதையையும் எழுதிக்கொள்கிறது. எத்தனை மணி நேரம் தனக்கு மின்சாரம் பாய்ந்தது, எத்தனை முறை நிறுத்தி ஓட்டினார்கள், உடம்பில் எத்தனை இடம் கெட்டுப்போய்விட்டது என்பதை எல்லாம் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அந்தக் கணக்குக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதை அழித்துப் பூஜ்யமாக்கிவிடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள் என்று பையன் சொன்னான். எங்களிடம் வந்த டிஸ்கின் கணக்கை யாரும் அழிக்கவில்லை. 21,340 மணி நேரம் என்று காட்டியது.

நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆக, இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் இரவு பகலாக, ஒரு நிமிஷம் ஓயாமல் எங்கோ சுழன்றுவிட்டு, புத்தம் புதிய உறை போர்த்திக்கொண்டு, அந்தக் கிழம் என் வீட்டுக்குப் புது மாப்பிள்ளையாக வந்திருக்கிறது!

பையன் இன்னொன்றும் கண்டுபிடித்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வரிசை எண் ஒன்று. டிஸ்கின் மேல் இருந்த எண் வேறொன்று. டிஸ்கின் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் போட்டுப் பார்த்தான். அதன் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

"கவலைப்படாதீங்க மாமா. திருப்பி அனுப்பிடலாம்" என்றான்.

திருப்பி அனுப்புவதற்கும் ஒரு விரல்தான் வேண்டியிருந்தது. காரணம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. 'பொருள் பழுதாகி உள்ளது', 'வேறு பொருள் வந்துள்ளது', 'மனம் மாறிவிட்டது', இப்படி. 'வேறு பொருள்' என்பதைத் தொட்டேன். இரண்டு நாளில் ஆள் வருவார் என்று செய்தி வந்தது. இவ்வளவு சுலபமா என்று அந்தக் கடையை மனசுக்குள் வாழ்த்தினேன். வாழ்த்தியது இரண்டு நாள் முன்கூட்டி.

வந்தவன் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞன். முதுகில் அவன் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு பை. கைப்பேசியை எடுத்துப் பெட்டியைப் பார்த்தான், டிஸ்கைப் பார்த்தான், மறுபடி கைப்பேசியைப் பார்த்தான்.

"சார், நம்பர் பொருந்தலை. எடுக்க முடியாது."

"பொருந்தவில்லை என்பதற்காகத்தானே அப்பா திருப்பி அனுப்புகிறேன்!"

"எனக்கு என்ன நம்பர் கொடுத்திருக்காங்களோ அது இருந்தாத்தான் எடுக்கலாம் சார்."

வேடிக்கையைப் பாருங்கள். என்னை ஏமாற்றியதற்கு எது அத்தாட்சியோ, அதுவே என் பொருளைத் திரும்ப எடுக்காமல் இருப்பதற்கும் காரணம் ஆகிவிட்டது. திருடன் விட்டுச் சென்ற செருப்பைப் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது உமது அளவு இல்லையே, உம்மிடம் எப்படி வந்தது?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பேனா பிடிக்கிறவனுடைய கோபத்தில் பாஷை மட்டும் சுத்தமாக இருக்கும். மற்றபடி அதுவும் மட்டரகமான கோபந்தான். அந்தப் பையனை நிற்க வைத்து ஐந்து நிமிஷம் பேசினேன். அவன் கம்பெனி, அவன் முதலாளி, இந்தக் கலிகாலம், எல்லாவற்றையும் அவன் தலையில் இறக்கி வைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "நம்பர் தப்பா இருக்கிற பெட்டியை எடுத்துட்டுப் போனா, அந்தக் காசை என் சம்பளத்திலே பிடிப்பாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான்.

"அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?" என்றாள் என் மனைவி.

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் கோபித்துக்கொள்வது வழக்கம். அன்று அதற்குக்கூடத் தெம்பில்லை.

கடையின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொடர்புகொண்டேன். முதலில் ஒரு யந்திரம் பேசியது; என் துயரத்துக்கு வருந்தியது. பிறகு ஒரு மனிதர் பேசினார், அவர் வருந்தவில்லை. "பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?" என்று கேட்டார். என் கல்யாணத்துக்கே வீடியோ கிடையாது என்று சொன்னேன். விற்றவரிடம் விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். நான்காம் நாள் கடிதம் வந்தது. விற்பனையாளர் சரியான பொருளையே அனுப்பியிருக்கிறாராம். என்னிடம் இருப்பது அவர் அனுப்பியது அல்லவாம். ஆகவே, பணத்தைத் திருப்பித் தருவதற்கில்லையாம்.

மரியாதையான பாஷைதான். ஆனால் அந்த மரியாதையை உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது என்ன? 'புதிய டிஸ்கை நீ எடுத்துக்கொண்டு, உன் வீட்டுப் பழைய டிஸ்கைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பப் பார்க்கிறாய்' என்பதுதான். 4,350 ரூபாய் போனால் போகிறது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவனைத் திருடன் என்று சொல்வதை மட்டும் அவனால் தாங்க முடிகிறதில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவமானத்தினால் என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். காலை மூன்று மணி வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, இதே மாதிரி ஓர் இணையக் கடையில் ஒரு கீபோர்டு வாங்கினேன். நல்ல கீபோர்டு. ஆனால் தட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற சத்தம். எனக்குப் பிடிக்கவில்லை. 'மனம் மாறிவிட்டது' என்று தொட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தது. 'பொருள் பழுதாகி உள்ளது' என்பதைத் தொட்டேன். 'சில எழுத்துக்கள் விழவில்லை' என்று ஒரு வரியும் எழுதினேன். எழுத்தாளன் அல்லவா? கற்பனைக்குப் பஞ்சமா? மறுநாளே எடுத்துக்கொண்டு போனார்கள். பணம் வந்துவிட்டது. அதை நான் சாமர்த்தியம் என்று நினைத்து நாலு ஸ்நேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தேனே ஒழிய, பொய் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை.

இப்போது இந்த டிஸ்க் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். விற்றவரே பழசைப் புதுசாக்கி விற்றிருக்கலாம். அல்லது, எனக்கு முன்னால் ஒருவன் அந்தப் புதிய டிஸ்கை வாங்கி, அதை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கிழத்தை அதே பெட்டியில் வைத்து, 'பழுது' என்று எழுதித் திருப்பியிருக்கலாம். வாங்கிய கடை சரிவரப் பார்க்காமல் மறுபடியும் ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கலாம். பெட்டியின் எண் புதிதாகவும் டிஸ்கின் எண் பழையதாகவும் இருப்பதற்கு இதுவே பொருத்தமான கதை. கதை கட்டுவது என் தொழில்; நம்பலாம். அப்படியானால் அவன் ஒரு பொய் சொன்னான். நானும் ஒரு பொய் சொன்னேன். எங்களைப் போன்றவர்கள் நாடு முழுவதும் விரலால் பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் உண்மை சொல்கிறவனை நம்புவதற்கு ஆளில்லாமல் செய்துவிட்டோம். அந்த இளைஞனின் கையில் எண்ணைக் கொடுத்து வாசலில் நிறுத்தியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இது என் பாவக் கணக்கு. ஆனால் என் பாவத்துக்காக அந்தக் கடையின் பாவத்தை மன்னித்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. காலையில் எழுந்து வக்கீல் ஸ்நேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் காப்பி கொடுத்துவிட்டு, "நீர் இதை எதற்காக வாங்கினீர்?" என்று கேட்டார்.

"நாவலைப் பத்திரப்படுத்த."

"நாவல் உமக்குத் தொழில். தொழிலுக்காக வாங்கினவன் நுகர்வோர் அல்ல என்று எதிர்த் தரப்பில் சொல்வார்களே?"

நான் விழித்தேன். அவர் சிரித்தார். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கும் வழி செய்திருக்கிறார்களாம். வியாபார நோக்கத்துக்காக வாங்குகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒருவன் தன் கையால் உழைத்து வயிறு வளர்ப்பதற்கென்று மட்டுமே வாங்கினால், அது வியாபார நோக்கம் ஆகாது. தையற்காரன் வாங்கும் தையல் மிஷினும் எழுத்தாளன் வாங்கும் டிஸ்கும் சட்டத்தின் கண்ணில் ஒரு ஜாதி. இணையத்தின் மூலம் வாங்குவதும் வாங்குவதுதான் என்று அதே இடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. 1986-இல் வந்த முதல் சட்டத்தில் இந்த இணைய விஷயம் இல்லை, இருக்கவும் முடியாது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் பயன்பட்டது உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2020 ஜூலையில் இணைய வியாபாரத்துக்கென்று தனி விதிகள் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன குணம் அதற்கு இல்லாவிட்டாலும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'புதியது' என்று எழுதிவிட்டு 21,340 மணி நேரம் ஓடியதை அனுப்பினால், அது விளம்பரத்தில் சொன்ன பொருள் அல்ல. "நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு" என்று இணையக் கடை ஒதுங்கிக்கொள்ள முடியாது. விற்பவருடைய பெயரையும் விலாசத்தையும் நமக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். புகார் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். அந்த அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது என்று பில்லில் அச்சடிக்கிறார்களே, அது?" என்று கேட்டேன்.

"பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது."

அதோடு விடவில்லை. பீரோவிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்தில், 1930-இல் செய்த சரக்கு விற்பனைச் சட்டம். முன்னால் பார்க்காமல் வாங்கிய பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் கிடைக்கும் வரை, வாங்கினவன் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று அதில் இருக்கிறது. இன்னும் ஓர் அழகான இடம்: பொருளை ஏற்க மறுக்கும் உரிமை இருக்கிறவன், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதைச் சுமந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 'ஏற்க மாட்டேன்' என்று விற்றவனுக்குத் தெரிவித்துவிட்டால் போதும். தபாலிலும் ரயிலிலும் சரக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ ஒருவர், நான் அந்த வாசற்படியில் நின்று தவிக்கப் போவதை முன்கூட்டி அறிந்து எழுதி வைத்தது போல இருந்தது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற வார்த்தைகளில் வக்கீல் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். இணையக் கடையில் 'சம்மதம்' என்று நாம் படிக்காமல் தொடுகிறோமே, அதற்குள் என்னென்ன ஒப்பந்தம் இருக்கிறதோ!

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். கதை எழுதுகிறவனுக்குச் சுருக்கமாக உண்மை எழுதுவது கஷ்டமான காரியம். முதலில் எழுதியது நாலு பக்கம். அதில் கலிகாலம் இருந்தது. கிழித்தேன். இரண்டாவதாக எழுதியது அரைப் பக்கம். வாங்கிய தேதி, பில் எண், பெட்டியின் எண், டிஸ்கின் எண், ஓடிய மணி நேரம், திரும்ப எடுக்க மறுத்த தேதி, நான் கேட்பது பணம் வாபஸ். இவ்வளவுதான். பையன் எடுத்துக் கொடுத்த படங்களையும் சேர்த்துப் புகார் அதிகாரிக்கு அனுப்பினேன்.

கூடவே 1915 என்ற எண்ணுக்கும் பேசினேன். அது மத்திய சர்க்கார் நடத்தும் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் ஒரு தனி மனிதன் கேட்பதற்கும், ஒரு சர்க்கார் எண்ணைத் தாங்கிய புகார் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். விற்றவனுடைய ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சோதனை வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும், பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆவது உண்டு. "4,350 ரூபாய்க்கா இவ்வளவு?" என்று கேட்டால், வக்கீல் சொன்னதையே நானும் சொல்வேன்: "அந்தக் கேள்வியை நீர் கேட்பீர் என்ற நம்பிக்கையில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது."

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். உரிமை என்றால் எல்லாவற்றுக்கும் உரிமை என்று அர்த்தமல்ல. எனக்குத் தெரிந்த ரிடையர்டு வாத்தியார் ஒருவர், தம் கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று டி.டி.ஆர். 5 வகை ராம் வாங்கினார். அவருடைய மதர்போர்டோ டி.டி.ஆர். 4 வகை. இரண்டுக்கும் கால்கள் 288 தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரவே உட்காராது. வாத்தியார் கடையின் மேல் வழக்குப் போடப் போவதாகக் கிளம்பினார். பொருளில் குற்றமில்லை; சொன்னபடியே வந்திருக்கிறது; தப்பு அவருடையது. ஐரோப்பாவில், தூரத்திலிருந்து வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள், காரணமே சொல்லாமல் திருப்ப உரிமை உண்டு. நம் நாட்டில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. மனம் மாறியதற்காக எடுத்துக்கொள்வது கடைக்காரரின் தயவு. அவர் எழுதி வைத்திருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அந்த நிபந்தனையைப் படிக்க வேண்டும். 'மாற்றித் தரப்படும்' என்பது வேறு, 'பணம் தரப்படும்' என்பது வேறு. பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும், பெட்டியைப் பிரிக்கும்போது எண் தெரியும்படி நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பதினெட்டாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று இருந்தது. நான் திருடன் அல்ல என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் அதே இளைஞன் வந்தான். இந்தத் தடவை அவனுடைய கைப்பேசியில் டிஸ்கின் எண் இருந்தது. பொருத்திப் பார்த்தான். "இப்ப சரியா இருக்கு சார்" என்று சிரித்தான். அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாக்கியம் போய்விட்டது. "அன்றைக்கு உன்னிடம் கத்தியது தப்பு, தம்பி" என்றேன்.

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "எந்த அன்னிக்கு சார்?" என்றான்.

ஒரு நாளில் எத்தனை வாசற்படிகளில் அவனிடம் கத்துகிறார்களோ! என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

நானும் பையனும் அன்றே ரிச்சி தெருவுக்குப் போனோம். கண்ணெதிரில் பிரித்து, சுழலவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். ஓடிய மணி நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பூஜ்யம் என்று காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாதி நாவல் பத்திரமாகிவிட்டது. இனி மற்றப் பாதியை எழுதுவதற்கு நான் சொல்லக்கூடிய சாக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் இணையக் கடையில் ஒரு மௌஸ் வாங்கினேன். சோம்பல் அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதி அல்ல. மௌஸில் குற்றமில்லை, என் கைக்கு மட்டும் சற்றுச் சிறிது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தேன். அதே பட்டியல் வந்தது. விரல் தானாகப் 'பழுது' என்ற இடத்துக்குப் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறக்கி, 'மனம் மாறிவிட்டது' என்பதைத் தொட்டேன்.

இந்தக் காரணத்துக்காக இந்தப் பொருளைத் திரும்ப எடுப்பதற்கில்லை என்று உடனே பதில் வந்தது. அவர்கள் சொன்னது நியாயம். நிபந்தனையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மௌஸ் என் மேஜை மேல்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையைத் திருத்தும்போது மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கிறது.